நாங்களும் நாமும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பவள் ஒருத்தி. எழுதியவர்கள் நாங்கள் நால்வர். 1991ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய வகுப்பைச் சேர்ந்தவர்கள். எங்களுள் ஒருத்தி யாழ்ப்பாணத்திலேயே இருந்து ஆசிரியையாகப் பணிபுரிகிறாள். ஒருத்தி ஒஸ்லோவிலும் ஒருத்தி மொன்றியலிலும் வாழ்கிறார்கள். நான்காமவள் இலண்டனில் மானிடவியல் கற்பிக்கிறாள். நான்கு இடத்து நேரங்களுக்கும் ஒத்துவரும் ஒரு மணியைத் தேடிப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூடிப் பேசி எழுதிய உரை இது. ஆகவேதான் இதில் ‘நான்’ இல்லை.

விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது, மக்கள் இடம்பெயர்வதைப் பற்றியும், போன இடத்தில் ‘நான் இவ்விடத்துக்குரியவள்’ என்ற உணர்வு எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றியும், அதில் பாடசாலைக்குள்ள பங்கைப் பற்றியும் மானிடவியல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று எளிமையாகச் சொல்லும்படி. சொல்லுகிறோம். ஆனால் சொல்லிக்கொண்டு போகையில், எங்கள் வகுப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாமல் வைத்திருந்த ஒரு விடயத்தையும் பேச வேண்டி வரும். அதற்காக முன்கூட்டியே உங்கள் பொறுமையை வேண்டுகிறோம்.

இடம்பெயர்வு எங்கள் சங்கத்துக்குப் புதியதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கிய காலத்திலேயே, மணமாகி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன அக்காமார் இருந்தார்கள். மலாயா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறிய அவர்கள், ஓய்வூதியத்துடன் திரும்பி வந்து ஊரில் வீடு கட்டினார்கள். அவர்கள் போனது உத்தியோகத்துக்காக. எங்கள் தலைமுறை போனது உயிருக்காக. ஆனால் போன இடத்தில் இரு தலைமுறையினரும் சக தமிழரிடமிருந்து முதலில் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: ‘நீங்கள் எந்த ஊர்?’

அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வலன்ரைன் டானியல், தமிழ்நாட்டில் திருச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் தங்கி ஆய்வு செய்து 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். அரசாங்கத்தின் பதிவேட்டில் உள்ள கிராமத்துக்கு எல்லை உண்டு; வரைபடத்தில் கோடு கீறிக் காட்டலாம். ஊர் அப்படியல்ல. கேட்பவர் யார், எங்கே நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்து அது விரியும், சுருங்கும். யாழ்ப்பாணத்துக்குள் கேட்டால் உடுவில் என்போம். கொழும்பில் கேட்டால் யாழ்ப்பாணம் என்போம். ஒஸ்லோவில் வேற்றுநாட்டவர் கேட்டால் இலங்கை என்போம். மூன்றும் உண்மையே. ஊர் என்பது நிலத்தின் பெயர் மட்டுமல்ல, ஆளுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவின் பெயர் என்று அவர் விளக்கினார். அங்கே வாழ்ந்து, அந்த மண்ணில் விளைந்ததை உண்டு, அந்தத் தண்ணீரைக் குடித்து வருவதால் வளருகிற உறவு அது.

இதை நாங்கள் ஏன் முதலில் சொல்கிறோமென்றால், உறவு என்பது வளரக்கூடியது. ஒருவருக்கு ஒரு ஊர்தான் இருக்க வேண்டும் என்ற விதி எங்கள் மொழியில் இல்லை. பிறந்த ஊர், புகுந்த ஊர், படித்த ஊர் என்று நாங்கள் எப்போதும் பலவற்றைச் சொல்லி வந்திருக்கிறோம். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது பெரும்பாலும் படிவங்களும் பாடசாலைகளும்தான்.

ஒஸ்லோவில் வாழும் எங்கள் தோழியின் மகள், மூன்றாம் வகுப்பிலே படித்தபோது நடந்ததைக் கேளுங்கள். ஐக்கிய நாடுகள் தினத்துக்கு ஒவ்வொரு பிள்ளையும் ‘தன் நாட்டை’ப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். நல்ல எண்ணத்துடன்தான். தோழி, வழமைபோல, றோல்ஸும் பற்றீஸும் செய்து, பாவாடை தாவணி தேடி, யானையும் தேயிலையும் உள்ள படங்களை அச்செடுத்துக் கொடுத்தாள். மகள் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது உங்கட நாடு அம்மா, நான் ஒஸ்லோவிலதானே பிறந்தனான்” என்றாள். பிறகு தானாக ஒன்றைத் தெரிவு செய்தாள். அவளுடைய பெரியப்பா 1980களில் மாணவராக நோர்வேக்கு வந்து, மக்கள் உயர்பாடசாலை ஒன்றில் மொழி படித்து, பின்னர் வடக்கே பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர். அக்காலத்தில் பின்மார்க்கின் கரையோர ஊர்களில் பல தமிழ் இளைஞர் அந்த வேலையைச் செய்தார்கள். குளிர்காலத்தில் நண்பகலிலும் சூரியன் எழாத அந்த ஊரில், பெரியப்பா கையுறைக்கு மேல் கையுறை போட்டு மீன் வெட்டிய கதையை அவள் வகுப்பில் சொன்னாள். ஆசிரியை வியந்துபோனாராம். அவருடைய பாட்டனாரும் அதே கரையோரத்தைச் சேர்ந்தவர்.

அந்தப் பிள்ளை சொன்னது நோர்வேயின் கதை. அது தமிழரின் கதையும்கூட. ஆனால் ‘உன் நாட்டைப் பற்றிச் சொல்’ என்ற கேள்விக்குள் அந்தக் கதைக்கு இடம் இருக்கவில்லை. பிள்ளைதான் அதற்கு இடம் உண்டாக்கினாள்.

நோர்வேயின் மானிடவியலாளர் மரியன்னே குல்லஸ்டட் இதைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். நோர்வேஜிய மொழியில் ‘லிக்ஹெத்’ என்ற ஒரே சொல் சமத்துவத்தையும் குறிக்கும், ஒத்திருத்தலையும் குறிக்கும். அங்குள்ள மக்கள் ஒருவரை ஒருவர் சமமாக மதிப்பதற்கு, தாங்கள் ஒரே மாதிரியானவர்கள் என்று உணர வேண்டியிருக்கிறது என்று அவர் காட்டினார். வேறுபாட்டைப் பேசாமல் விடுவதே நாகரிகம் என்றாகிறது. வெறுப்பு எதுவும் இல்லாமலே, கண்ணுக்குத் தெரியாத வேலியொன்று எழுந்துவிடுகிறது. வந்தவர் முழுதும் தங்களைப் போல் ஆகினால் சமம், ஆகாவிட்டால் விருந்தினர்.

இதைத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் நோர்வேக்காரரைக் குறை சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. அடுத்ததாகப் பேசியவள் மொன்றியல் தோழி.

மொன்றியல் உள்ள கியூபெக் மாகாணத்தில் 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி, குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சு மொழிப் பாடசாலையில்தான் படிக்க வேண்டும். வீட்டிலே தமிழ், வகுப்பிலே பிரெஞ்சு, தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம். வார இறுதியில் தமிழ் வகுப்பு. அந்த நகரின் தமிழரை ஆராய்ந்த சோனியா தாஸ் என்ற மானிடவியலாளர் 2016இல் வெளியிட்ட நூலில் ஒரு விடயத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த தமிழர் எழுத்துத் தமிழைத் தங்களுடையதென்று போற்றுகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த தமிழர் பேச்சுத் தமிழைத் தங்களுடையதென்று கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு எந்தத் தமிழைக் கற்பிப்பது என்பது, நாங்கள் யார், அவர்கள் யார் என்ற கேள்வியாகிவிடுகிறது. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையில் போட்டி நடக்கும் நகரில், தமிழுக்குள்ளும் ஒரு போட்டி.

எங்கள் தோழி அங்கே சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கிறாள். அவளுடைய வகுப்புக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று சேர்ந்தது. அந்தப் பிள்ளை ‘வாங்க, போங்க’ என்று பேசும்போதெல்லாம் தோழி ‘வாருங்கள், போங்கள்’ என்று திருத்தினாள். மூன்றாம் வாரம் பிள்ளை வாய் திறக்கவில்லை. எழுத்தில் மட்டும் விடை எழுதியது. “அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாக்க எனக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது” என்று தோழி தொலைபேசியில் சொன்னாள். எந்த முகம் என்று அவள் சொல்லவில்லை. மற்ற மூவருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கல்லூரி விடுதியில் எங்களுடன் ஒரு பிள்ளை இருந்தாள். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். அவள் ‘வாங்க’ என்பாள்; நாங்கள் ‘வாங்கோ’ என்போம். அவள் பேசுவதைப் போலவே பேசிக்காட்டி நாங்கள் சிரித்தோம். படிப்பறையில், சாப்பாட்டு மேசையில், இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போகும் வழியில். கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்று இன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒரு தவணைக்குள் அவள் எங்களைப் போலவே பேசப் பழகிவிட்டாள். ‘நல்லாப் பழகிட்டாள்’ என்று அதை நாங்கள் ஒரு வெற்றியாகச் சொன்னோம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அவளுடைய அம்மாவோடு அவள் எந்தத் தமிழில் பேசினாள் என்று எங்களில் எவரும் யோசித்ததில்லை.

குல்லஸ்டட் சொன்ன வேலி அங்கே மட்டும் இல்லை.

இனி, தொடக்கத்தில் பொறுமை கேட்ட அந்த விடயத்துக்கு வருகிறோம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்த முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரில் அது நடந்த நாள் ஒக்ரோபர் 30. கொடுக்கப்பட்டது சில மணி நேரம். எங்கள் வகுப்பில் இரண்டு முஸ்லிம் மாணவிகள் இருந்தார்கள். பெயர்களைச் சொல்லாமல் விடுகிறோம். அவற்றைச் சொல்லும் உரிமை அவர்களுடையது. மறுபடி வகுப்புக் கூடியபோது இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. அன்று நாங்கள் எவரும் வாய் திறக்கவில்லை. பயம் ஒரு காரணம். அதை மறுக்க மாட்டோம். ஆனால் சில வாரங்களில் அந்தக் கதிரைகளில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குப் பிறகும் பேசாமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணமென்று சொல்ல முடியாது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். மழையில், சைக்கிளில், நடந்து. அந்த இரவைப் பற்றி எங்கள் சங்க மலர்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. ஐந்தாண்டுக்கு முந்திய அதே திகதியைப் பற்றி ஒரு வரிகூட வந்ததை நாங்கள் காணவில்லை.

மானிடவியலாளர் ஷரிகா திரணகம 2011இல் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாணத் தமிழரையும் புத்தளத்தில் தங்கிய வடபுல முஸ்லிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறார். ஊர், வீடு என்ற சொற்களைத்தான் அவரும் பின்தொடர்கிறார். பெற்றோருக்கு ஊர் யாழ்ப்பாணம் அல்லது மன்னார். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கேட்டு அறிந்த ஊர். புத்தளமோ அவர்களை நீண்ட காலம் அகதிகள் என்றே அழைத்தது. வாசித்தபோது நாங்கள் திடுக்கிட்டோம். ரொறன்ரோவையும் ஒஸ்லோவையும் பற்றி நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதெல்லாம் அங்கே, இருநூறு கிலோமீற்றர் தூரத்தில், எங்கள் பக்கத்துக் கதிரைக்காரியின் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் யாழ்ப்பாணத் தோழி, ஆசிரியர் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காகப் புத்தளம் போனபோது, அந்த இருவரில் ஒருத்தியைத் தேடிப்பிடித்துச் சந்தித்தாள். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். எந்த ரீச்சர் எப்படி நடப்பார் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளைகள் தன்னைப் பகிடி பண்ணுவதாகச் சொன்னாள்: “உம்மான்ர ஊர் யாழ்ப்பாணம், எங்கட ஊர் இது எண்டு சொல்லுதுகள்.” பிறகு, நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கம் வெளியிட்ட அங்கத்துவப் படிவத்தை நிரப்பத் தொடங்கி இடையில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். சாதாரண தரப் பரீட்சைக்கு இக்கல்லூரியிலிருந்து தோற்றிய ஆண்டு எது என்று அதில் ஒரு கேள்வி. அவள் பரீட்சை எழுதியது புத்தளத்தில். “நான் என்னெண்டு போடுறது? பாதியில விட்டவள் எண்டோ?” என்று கேட்டாளாம்.

தோழி திரும்பி வந்து, அதிபரின் அனுமதியுடன் பழைய சேர்வு இடாப்பைப் பார்த்தாள். இரு பெயர்களும் இருக்கின்றன. விலகியமைக்கான காரணம் என்ற நிரலில், இருவருக்கும் ஒரே வசனம்: ‘நீண்ட நாள் வரவின்மையால் பெயர் நீக்கப்பட்டது.’

எழுதியவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. இடாப்பு எழுதும் முறை அதுதான். அந்த நாளில் வேறு எதை எழுதியிருக்க முடியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் இன்று அது வேறு விதமாக எழுதப்படலாம். வராமல் விட்டவர்கள் அல்லர் அவர்கள். வரவிடாமல் ஆக்கப்பட்டவர்கள்.

பாடசாலை என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணத்தோடு முடிக்க விரும்புகிறோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ரூசன் என்ற நகரில், லூயிஸ் மொல், நோர்மா கொன்சாலஸ் முதலான ஆய்வாளர்கள் பாடசாலை ஆசிரியர்களுடன் சேர்ந்து ஒரு வேலை செய்து, 1992இல் அதைப் பற்றி எழுதினார்கள். மெக்சிக்க வழிவந்த உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் போனார்கள். பிள்ளையைப் பற்றி முறையிடுவதற்கல்ல; படிப்பதற்கு. அந்த வீடுகளில் பயிர்ச்செய்கை, கால்நடை, கட்டட வேலை, கைவைத்தியம், வியாபாரம் என்று எவ்வளவு அறிவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டு எழுதினார்கள். ஒரு மாணவன் மெக்சிக்க இனிப்பு விற்கிறான் என்று தெரியவந்ததும், இனிப்புச் செய்யத் தெரிந்த ஒரு தாயை வகுப்புக்கு அழைத்து அதைக்கொண்டே பாடம் நடத்தினார்கள். ‘இந்தப் பிள்ளைகளிடம் என்ன குறை’ என்று கேட்டுவந்த பாடசாலை, ‘இவர்களிடம் என்ன இருக்கிறது’ என்று கேட்கத் தொடங்கியது.

பண்பாடுகளுக்கிடையேயான கல்வி என்பதை நாங்கள் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம். ஆண்டில் ஒரு நாள் உடையும் உணவும் காட்டுவது அதன் தொடக்கமாக இருக்கலாம்; முடிவாக இருக்க முடியாது. வந்த பிள்ளை மாறுவதோடு, பெற்றுக்கொண்ட பாடசாலையும் கொஞ்சம் மாற வேண்டும்.

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, அங்கத்துவ விதியை மாற்றுங்கள். இக்கல்லூரியில் ஒரு தவணை படித்தவளும் பழைய மாணவியே. பரீட்சை எழுதிய ஆண்டைக் கேட்காமல், எந்த ஆண்டுகளில் எங்களோடு இருந்தாள் என்று கேளுங்கள். இரண்டாவது, 1990இல் போக நேர்ந்த மாணவிகள் எல்லோரையும் தேடி, அவர்கள் விரும்பினால், அவர்களுடைய நினைவுகளை அவர்கள் சொல்லும்படியே அடுத்த மலரில் பதியுங்கள். எங்கள் மன்னிப்புக் கோரல் அதற்குப் பதிலாகாது; அதற்கு முன்னுரையாக வேண்டுமானால் இருக்கட்டும். மூன்றாவது, இன்று விடுதியில் இருக்கும் வன்னிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியைகள் ஆண்டுக்கொரு முறை போய்வருவதற்கான செலவை, வெளிநாட்டிலிருக்கும் நாங்கள் ஏற்கிறோம். கட்டடத்துக்குப் பணம் அனுப்பப் பழகிய எங்களுக்கு, பஸ் செலவுக்குப் பணம் அனுப்புவது பெரிய காரியமல்ல.

கடைசியாக ஒன்று. தமிழிலே ‘நாங்கள்’ என்றால் கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்வது. ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நோர்வேஜிய மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாமும் பெரும்பாலும் ‘நாங்கள்’ என்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். இந்த உரையை எழுதி முடித்துப் பார்த்தபோது, முழுவதும் ‘நாங்கள்’ என்றே எழுதியிருப்பதைக் கண்டோம். திருத்தலாமா என்று பேசினோம். அந்த இருவரும் இல்லாத ஒரு வகுப்பு, ‘நாம்’ என்று எழுதுவது நேர்மையாகாது என்று அப்படியே விட்டிருக்கிறோம்.

அந்த யாழ்ப்பாணத் தோழி நேற்று மறுபடியும் புத்தளத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒன்றுகூடலுக்கு வர முடியவில்லை, மகளுக்குப் பரீட்சை என்றாளாம். “அடுத்த முறை சொல்லுங்கோ, வாறன்” என்றாளாம். அடுத்த முறை வாசிக்கப்படும் உரையில், நாங்கள் அல்ல, நாம் பேசுவோம் என்று நம்புகிறோம்.